அலுமாரிக்குள்ள நித்திரை கொள்ளுற மெசின்

2023இல் 'குட் நைட்' படம் வந்தபோது எங்களில் கனபேர் அதைக் கூட்டமாய்ப் போய்ப் பார்த்தோம். மணிகண்டன் நடித்த மோகனுக்கு விழுந்த பட்டம் 'மோட்டார் மோகன்'. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருடம் 'டியர்' வந்தது. அதில் குறட்டை விடுகிறவர் மனைவி, ஐஸ்வர்யா ராஜேஷ். இரண்டு படத்தையும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. குறட்டை விடுகிற ஆளுக்கும் மானம், மனம் எல்லாம் இருக்கு என்று தமிழ் சினிமா யோசித்ததே பெரிய விசயம். ஆனால் படம் முடிந்து வெளியில் வந்த பிறகும் எங்கட கதை முழுக்கப் பக்கத்தில் படுக்கிறவரின் நித்திரையைப் பற்றியே இருந்தது. குறட்டை விடுகிறவரின் மூச்சைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மூச்சைப் பற்றியது. அதிலும், மூச்சைத் திறந்து வைக்கிறதுக்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதிகம் கேள்விப்படாத ஒரு வழியைப் பற்றியது.

முதலில் வருத்தத்தைச் சொல்லுவம். எங்கட வீடுகளில் அப்பாவோ பெரியப்பாவோ சாமத்தில் விடுகிற குறட்டை விறாந்தை வரைக்கும் கேட்கும். திடீரென்று சத்தம் நிற்கும். "அப்பாடா, இப்பதான் மனுசன் ஒழுங்கா நித்திரை கொள்ளுறார்" என்று அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பா. பத்து, இருபது செக்கனுக்குப் பிறகு ஏதோ தண்ணிக்குள் இருந்து மேலே வந்த ஆள் மாதிரி ஒரு இழுப்பு. திரும்பவும் குறட்டை. அந்த இடைப்பட்ட அமைதியில் அவர் நிம்மதியாய் உறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் அவருடைய மூச்சு நின்றிருக்கிறது.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர, நாக்கும் அண்ணத்தின் மென்பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை பயந்து ஆளை அரைகுறையாய் எழுப்புகிறது. பாதை திறக்கிறது, திரும்ப அடைக்கிறது. ஆளுக்கு இது ஒன்றும் விடிய ஞாபகம் இராது. இதைத்தான் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். மூச்சு 10 செக்கனோ அதற்கு மேலோ நிற்பதையும், அரைவாசியாய் அடைபடுவதையும் எண்ணி, மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் என்று கணக்கெடுப்பார்கள். 5 முதல் 15 வரை என்றால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30ஐத் தாண்டினால் கடுமை. 30 என்றால் இரண்டு நிமிசத்துக்கு ஒருதரம் என்று அர்த்தம், விடிய விடிய.

இது அரிதான வருத்தமும் இல்லை. 2019இல் லான்செட் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவ இதழ் ஒன்றில் வந்த மதிப்பீட்டின்படி, உலகத்தில் 30 முதல் 69 வயதுக்குள் ஏறக்குறைய 93 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது இருக்கிறது. அதில் 42 கோடிப் பேருக்கு நடுத்தரமோ கடுமையோ. உடம்பு வைத்தவர்களுக்கு மட்டும் வருகிற வருத்தம் என்று நினைக்கிறதும் பிழை. தாடை சின்னதாய், உள்வாங்கி இருக்கிற ஆட்களுக்கு உடம்பு பெருக்காமலே வரும். ஆசியாக்காரர்களில் இது கூடுதலாய்க் காணப்படுகிறது. பெண்களுக்கும் வரும். ஆனால் "அவ குறட்டை விடுறவ" என்று வெளியில் சொல்ல எங்கட ஊரில் எந்த வீடு சம்மதிக்கும்? அதனால் பெண்களின் வருத்தம் "களைப்பு", "யோசனை", "மாதவிடாய் நிற்கிற வயசு" என்ற பெயர்களுக்குள் ஒளிந்துவிடுகிறது.

விடாமல் பிடிக்கிற பிரஷர், நீரிழிவு, இருதயத் துடிப்பில் தாளம் தப்புறது, பாரிசவாதம் என்று இதோடு சேர்ந்து வருகிற வரிசை நீளம். 2022 பெப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தபோது, அவரைப் பார்த்த வைத்தியர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அதோடு பகல் தூக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை இரவிரவாய் ஓட்டுகிற சாரதிமாரை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் பின்சீற்றில் வாயைத் திறந்து நித்திரை கொள்ளுறம். இந்த வருத்தத்தோடு வாகனம் ஓட்டுகிறவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குச் சொல்கிறது. ஆகவே குறட்டை ஒரு அறைக்குள் முடிகிற பகிடி இல்லை.

சரி, வைத்தியம்? யாழ்ப்பாணத்தில் இந்த வருத்தத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அந்த மெசின்." சீபாப் என்கிற கருவி. மூக்கில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றை அழுத்தி அனுப்புகிற பெட்டி. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் இதை முதன்முதலில் வெளியிட்டார். ஆரம்பத்தில் காற்றுக்கு அவர் பாவித்தது தூசு உறிஞ்சுகிற வக்யூம் கிளீனர் மோட்டார். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊருக்கு அந்த மூளை நல்லாய் விளங்கும். அதற்கு முன் கடுமையான நோயாளிக்கு இருந்த வழி தொண்டையில் துளை போடுறது. ஆகவே சீபாப் கோடிக்கணக்கான மூச்சுகளைக் காப்பாற்றின கண்டுபிடிப்பு. ஒழுங்காகப் போட்டால் மூச்சுத்தடையை அதைப்போல அடக்குகிற வேறு வைத்தியம் குறைவு. இதில் எங்களுக்கு மறுப்பில்லை.

எங்கட பிரச்சினை அந்த 'ஒழுங்காகப் போட்டால்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

எங்கட குழுவில் ஒருவரின் பெரியப்பாவுக்குக் கனடாவிலிருந்து தம்பி ஒரு மெசின் அனுப்பினார். முதல் கிழமை வீடே கொண்டாடியது. பிறகு மூக்கு வரண்டது. மாஸ்க்கின் பட்டி கன்னத்தில் தழும்பு போட்டது. ஈரப்பதன் பெட்டிக்குள் கிணற்றுத் தண்ணியை ஊற்றினார்கள். எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி எந்தக் கேத்திலை வெள்ளையாய்ப் படியவிடாமல் விட்டிருக்கிறது? அதற்குள்ளும் படிந்தது. வடித்த தண்ணி தேடி அலைய ஒருத்தருக்கும் நேரமில்லை. இப்போது மெசின் அலுமாரிக்குள், பழைய கல்யாண அல்பத்துக்குப் பக்கத்தில் நித்திரை கொள்ளுது. பெரியப்பா வெளியில், வழமைபோலக் குறட்டையோடு. வைத்தியரிடம் "போடுறனீங்களோ?" என்று கேட்டால் "ஓம் ஐயா" என்பார். ஏனென்றால் "இல்லை" என்று சொன்னால் பேச்சு விழும். அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

இதைப் பெரியப்பாவின் பிடிவாதம் என்று தள்ளிவிட ஏலாது. உலகம் முழுக்க இதே கதைதான். ஒரு இரவுக்கு 4 மணித்தியாலம் போட்டாலே 'ஒழுங்காகப் பாவிக்கிறார்' என்று ஆய்வாளர்கள் கணக்கில் எடுக்கிறார்கள் என்றால் நிலைமையைப் பாருங்கோ. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இந்தியா உட்பட 7 நாடுகளைச் சேர்ந்த 2,717 பேர் இருந்தார்கள். ஏற்கெனவே இருதயத்திலோ மூளைக்குப் போகிற இரத்தக்குழாயிலோ வருத்தம் வந்தவர்கள். சீபாப் கிடைத்தவர்களுக்கும் மற்றவர்களை விட மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை. அவர்கள் ஒரு இரவுக்குச் சராசரியாய் மெசின் போட்ட நேரம் 3.3 மணித்தியாலம். குறையாததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஏலாது. ஆனால் மிச்ச நாலு மணித்தியாலம் தொண்டை அடைபட்டபடி கிடந்தது என்பதை மறக்கவும் ஏலாது.

இதோடு எங்கட ஊருக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. மெசினுக்குக் கரண்ட் வேணும். 1990இல் குடாநாட்டில் கரண்ட் போன பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்குத்தான் இப்போது இந்த வருத்தம் வருகிற வயது. அவர்களுக்கு வயர் இல்லாமல் வாழத் தெரியும். வயரை நம்பி மூச்சு விடத்தான் பழக்கமில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின் நிலையத்துக்குள் போய் முழு இலங்கையையும் இருட்டாக்கினது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆட்கள் தேசிய மின்கட்டமைப்போடு சேராமல் டீசல் ஜெனரேற்றரை நம்பி இருந்தவர்கள். கரண்ட் போனால் எங்களுக்கு ஃபான் நிற்கும். அவர்களில் ஒருவருக்கு வைத்தியமே நிற்கும்.

காசும் அப்படித்தான். 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய். சில மாதத்தில் 360. ஆயிரம் டொலர் மெசின் ஒன்று 2 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு ஏறின கணக்கு இது. அதனால்தான் வெளிநாட்டுச் சொந்தங்கள் பாவித்த மெசின்கள் பார்சலில் வருகின்றன. அந்த அன்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விசயம் பார்க்க வேணும். ஒன்று, காற்றின் அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. சித்தப்பாவின் அளவு உங்கட அப்பாவுக்குப் பொருந்தும் என்றில்லை. மற்றது, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளேயிருக்கிற நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்று இலட்சக்கணக்கான மெசின்களைத் திருப்பி அழைத்தது. வந்த மெசின் அந்த வரிசையில் இருக்கோ என்று பார்க்காமல் மாஸ்க்கை மாட்டாதீங்கோ.

இப்ப நாங்கள் சொல்ல வந்த வழிக்கு வருவம். அது வாய்க்கருவி.

பள்ளிக்கூடத்தில் சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மயங்கிக் கிடக்கிற ஆளின் நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மற்றக் கையால் நாடியைத் தூக்கச் சொல்லித் தருவார்கள். நாக்கின் அடி கீழ்த்தாடையோடு பிணைந்திருக்கிறது. தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூட வரும். மூச்சுப் பாதை திறக்கும். வாய்க்கருவி செய்வது இந்த ஒரு வேலையைத்தான். கையால் நாடியைத் தூக்குகிறதுக்குப் பதிலாய், மேல்பல்லுக்கு ஒன்று கீழ்ப்பல்லுக்கு ஒன்று என்று இரண்டு அச்சுகளைப் போட்டு, கீழ்த்தாடையைச் சில மில்லிமீற்றர் முன்னால் இழுத்து விடிய மட்டும் பிடித்து வைக்கிறது. வயர் இல்லை, சத்தம் இல்லை, தண்ணி ஊற்றத் தேவையில்லை. சேட்டுப் பொக்கற்றுக்குள் அடங்குகிற ஒரு டப்பாவில் வைத்துக் கொழும்பு பஸ்ஸிலும் கொண்டு போகலாம்.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பும் இல்லை. 1902இலேயே பிரான்ஸ் தேசத்தில் பியர் ரொபின் என்ற வைத்தியர், தாடை உள்வாங்கி நாக்குப் பின்னால் விழுகிற பிள்ளைகளுக்காக இப்படியொரு கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1982இல் சிக்காகோவில் நாக்கை மட்டும் முன்னால் பிடித்து வைக்கிற இன்னொரு வகையை சாமெல்சனும் ரொசலிண்ட் கார்ட்ரைட்டும் வெளியிட்டார்கள். எங்களுக்கு இன்னும் கிட்டின உதாரணமும் உண்டு. கீழ்த்தாடை உள்ளே போன சில பிள்ளைகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட முதல், மேலும் கீழும் அக்ரிலிக் கட்டை வைத்த கழற்றிப் பூட்டுகிற கருவி ஒன்றைக் கொடுப்பார்கள். ட்வின் புளொக் என்று பெயர். உங்களில் சிலர் அதைப் போட்டுக்கொண்டு வகுப்பில் 'ச', 'ஸ' சொல்ல ஏலாமல் தவித்திருப்பீர்கள். வளர்ந்த ஆளின் வாய்க்கருவி அதன் பெரியண்ணன் மாதிரி.

இங்கேதான் எங்கட வாதத்தின் நடுப்புள்ளி. பல்லின் அச்சு எடுக்கிறது, பிளாஸ்டரில் வார்க்கிறது, அக்ரிலிக்கில் கட்டுகிறது, வாயில் வைத்துப் பார்த்து உராய்ஞ்சு சரிப்படுத்துறது: கட்டுப்பல் செய்கிற ஒவ்வொரு இடத்திலும் நடக்கிற அலுவல்கள் இவை. மெசினை எங்களால் செய்ய ஏலாது. அது எப்போதும் கப்பலிலோ பார்சலிலோதான் வரும். வாய்க்கருவிக்குத் தேவையான கைவேலையின் பெரும்பகுதி எங்கட பல் வைத்தியர்களிடமும் பல் தொழில்நுட்பக்காரரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. இந்த வருத்தத்துக்கென்று கூடுதல் பயிற்சி வேணும், திருகும் இணைப்பும் உள்ள நல்ல பாகங்கள் வேணும், உண்மை. ஆனால் அது பூச்சியத்திலிருந்து தொடங்குகிற வேலை இல்லை.

"மெசின் அளவுக்கு இது வேலை செய்யுமோ?" என்று கேட்பீர்கள். நேர்மையான பதில்: இல்லை. மூச்சுத்தடையின் எண்ணிக்கையைக் குறைக்கிறதில் சீபாப்தான் முன்னுக்கு. வாய்க்கருவி ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருத்தத்தை முழுதாய் அடக்கும், இன்னொருவருக்குப் பாதியாய்க் குறைக்கும், மற்றவருக்குப் பெரிதாய் உதவாது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. மணித்தியாலத்துக்கு 30 தரம் மூச்சு அடைபடுகிற ஒருவர், 7 மணித்தியாலம் நித்திரை கொள்கிறார். மெசின் போட்டிருக்கும்போது அது 2 ஆகிறது. ஆனால் 4 மணித்தியாலத்தில் கழற்றிவிடுகிறார். நாலு மணித்தியாலத்துக்கு 8, மிச்ச மூன்றுக்கு 90. மொத்தம் 98, சராசரி 14. வாய்க்கருவி அதை 12 வரைக்கும்தான் குறைக்கிறது. ஆனால் விடிய மட்டும் வாயில் இருக்கிறது. சராசரி 12. கெட்டிக்கார மாணவன் பாதி நாள் பள்ளிக்கு வராமல் விட்டால் நடக்கிறதுதான் இங்கும் நடக்கிறது.

இது எங்கட கற்பனைக் கணக்கு மட்டும் இல்லை. சீபாப் பிறந்த அதே சிட்னியில் 2013இல் வெளியான ஆய்வொன்றில், நடுத்தர, கடுமையான வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு மாதம் மெசினும் ஒரு மாதம் வாய்க்கருவியும் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சுத்தடையை மெசின்தான் கூடக் குறைத்தது. ஆனால் வாய்க்கருவியைக் கூடுதல் நேரம் போட்டார்கள். கடைசியில் பகல் தூக்கம், வாகனம் ஓட்டுகிற மாதிரிக் கருவியில் காட்டின கவனம், வாழ்க்கைத் தரம் எதிலும் வாய்க்கருவி பின்தங்கவில்லை. 2015இல் அமெரிக்க நித்திரை மருத்துவ அமைப்பு, சீபாப் ஒத்துவராதவர்களுக்கும் வேறு வழி விரும்புகிறவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம் என்று வழிகாட்டி எழுதியது. 2021இல் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பும், பல்லும் முரசும் நல்லாய் இருக்கிற 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதை மாற்று வழியாய் யோசிக்கச் சொன்னது. அதாவது இது நாட்டு வைத்தியமும் இல்லை, யூடியூப் வைத்தியமும் இல்லை.

அதே நேரம் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நாங்கள் வரவில்லை. யாருக்கு இது சரிவராது என்பதையும் சொல்லத்தான் வேணும். கருவி பிடித்து நிற்கப் பல் வேணும். பல் கொட்டிக் கட்டுப்பல்லோடு இருக்கிற அம்மம்மாவுக்குத் தாடையை இழுக்கிற வகை நிற்காது. முரசு வீங்கிப் பல் ஆடுகிறவர் முதலில் அதற்கு வைத்தியம் செய்ய வேணும். பாக்குப் போட்டுப் போட்டு வாயின் உட்தோல் இறுகி, வாய் திறக்க ஏலாமல் போனவர்கள் எங்கட ஊரில் உண்டு. அவர்களுக்குக் கருவியை உள்ளே வைக்கிறதே பாடு. தாடை மூட்டில் வருத்தம் உள்ளவர்கள் கவனம். கடுமையான வருத்தம் என்றால், ஒட்சிசன் அடிமட்டத்துக்குப் போகிறது என்றால், முதல் தெரிவு மெசின்தான். அதைப் போட எல்லா முயற்சியும் எடுத்த பிறகுதான் மற்றது. மாஸ்க்கின் அளவை மாற்றினாலே சரிவந்துவிடுகிற ஆட்கள் கனபேர்.

பக்கவிளைவும் இருக்கு. தொடக்கத்தில் வாய்நீர் ஊறும், விடியத் தாடை நோகும். வருடக்கணக்கில் போட்டால் பல்லின் கடி மெல்ல மாறலாம். முன்பற்கள் கொஞ்சம் சரியலாம். அதனால்தான் ஒருதரம் செய்து வாங்கிக்கொண்டு போகிற சாமானாய் இதை நினைக்கக் கூடாது. தாடையை ஒரேயடியாய் இழுக்காமல், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாய் முன்னால் கொண்டுவர வேணும். அளவு சரிவந்த பிறகு, கருவியை வாயில் வைத்தபடி திரும்பவும் நித்திரைப் பரிசோதனை செய்ய வேணும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள் என்று எங்களுக்குப் பயம். ஏனென்றால் குறட்டை நின்றதும் வீட்டுக்குச் சந்தோசம். குறட்டை நின்றதாலேயே மூச்சுத்தடையும் நின்றுவிட்டது என்று சொல்ல ஏலாது. சத்தம் போய், வருத்தம் மட்டும் மிஞ்சி நிற்கலாம். அது முந்தினதை விட ஆபத்து. இனி அம்மாவும் எழும்பிப் பார்க்க மாட்டா.

இதனால்தான் ஒன்லைனில் விற்கிற, சுடுதண்ணியில் போட்டுக் கடிக்கிற 'குறட்டை நிறுத்தி'களைப் பற்றி எங்களுக்கு ஒரு கண்டிப்பான கருத்து இருக்கு. அவற்றில் ஒன்றும் வேலை செய்யாது என்றில்லை. 2014இல் இங்கிலாந்தின் பாப்வேர்த் வைத்தியசாலை ஆட்கள் லேசான, நடுத்தர வருத்தம் உள்ள 90 பேரில் மூன்று வகையை ஒப்பிட்டார்கள்: சுடுதண்ணியில் இளக்கிக் கடிக்கிறது, வீட்டில் எடுத்து அனுப்பின அச்சில் செய்தது, பல் வைத்தியர் முழுதாய் அளவெடுத்துச் செய்தது. ஒன்றும் போடாமல் இருக்கிறதை விட மூன்றுமே நல்லது என்று கண்டார்கள். ஆனால் அந்த 90 பேருக்கும் வருத்தம் என்ன, எந்த அளவு என்று முதலே தெரியும். பின்னால் அளந்து பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். பரிசோதனை செய்யாமல் அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒன்றை ஓடர் பண்ணிக் கொடுக்கிறது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பனடோல் கொடுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி.

சரி, யாரிடம் என்ன கேட்கிறம்?

வைத்தியர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். "மெசின் போடுறனீங்களோ?" என்று கேட்கிறதோடு "எத்தனை மணித்தியாலம்? எங்க கஸ்டம்?" என்றும் கேளுங்கோ. "இல்லை" என்று சொல்லுகிறவரைப் பேசாதீங்கோ. அவருக்கு அடுத்த கதவு எது என்று சொல்லுங்கோ. அந்தக் கதவு பல் வைத்தியரின் கதவாயும் இருக்கலாம். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். பிரஷர் மூன்று குளிசையிலும் இறங்காத ஆளிடம் நித்திரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க அரை நிமிசம் போதும்.

பல் வைத்தியர்களிடம் இன்னொன்று. வாயைத் திறந்தபடி உங்களுக்கு முன்னால் சாய்ந்து கிடக்கிற ஆளின் தொண்டை எவ்வளவு ஒடுக்கம், நாக்கு எவ்வளவு பெரிது என்று உங்களை விட வடிவாய்ப் பார்க்கிறவர் யார்? வருடக்கணக்கில் பிரஷருக்கு மருந்து எடுக்கிறவர்கூட வைத்தியரிடம் சொல்லாத குறட்டையைப் பல் வைத்தியரின் கதிரையில் சொல்லக்கூடும். நீண்டகாலம் இலங்கைக்கே ஒரேயொரு பல் மருத்துவ பீடமாய்ப் பேராதனைதான் இருந்தது. அங்கே படித்து வந்த உங்களில் பலர் போதனா வைத்தியசாலையிலும் பருத்தித்துறை, தெல்லிப்பளை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று குடாநாடு முழுக்கவும் வேலை செய்கிறீர்கள். இந்தக் கைவேலையைப் படிக்க நாலு பேர் முன்வந்தால், அதைச் சாதாரணச் சனம் தாங்குகிற விலைக்குக் கொண்டுவருவது பற்றி அடுத்ததாய்க் கதைக்கலாம். பரிசோதனை செய்கிற வைத்தியரும் கருவி செய்கிற வைத்தியரும் ஒருவருக்கு ஒருவர் தொலைபேசி எடுக்கிற பழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் புதுக் கட்டிடம் தேவையில்லை.

கடைசியாய் எங்களிடம். வீட்டில் இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற முதல் ஆள் வைத்தியர் இல்லை, நாங்கள்தான். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து லீவுக்கு வந்து அடுத்த அறையில் படுக்கிறவர்கள். அவருக்குச் சொல்லிவிட்டு, ஃபோனில் பத்து நிமிசம் சத்தத்தைப் பதிவு செய்யுங்கோ. குடும்பக் குறூப்பில் போட்டுச் சிரிக்கிறதுக்கு இல்லை, வைத்தியரிடம் காட்டுறதுக்கு. மூச்சு நிற்கிற இடத்தை எண்ணுங்கோ. பலத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாரோ கண்டது, பிரஷர், மிகக் கூடின உடற்பருமன், 50க்கு மேல் வயது, 40 சென்ரிமீற்றருக்கு மேல் கழுத்து, ஆண் என்பது: இந்த எட்டுக் கேள்வியில் மூன்றோ அதற்கு மேலோ "ஓம்" என்றால் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கழுத்தளவுக்கு அவருடைய சேட்டுக் கொலரைப் பார்த்தாலே போதும். ஏறக்குறைய 16 அங்குலம்.

அம்மாவையும் மறக்காதீங்கோ. அந்தக் கேள்விகளில் ஒன்று ஆணோ என்று கேட்கிறது. அதனால் அவவுக்கு ஒரு புள்ளி குறையும், வருத்தம் குறையாது.

ஒருவேளை உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒரு மெசின் நித்திரை கொள்ளலாம். அதைப் பார்த்து "காசு வீண்" என்று அப்பாவைப் பேசாமல், ஏன் கழற்றினார் என்று ஒருதரம் கேளுங்கோ. மாஸ்க் பிழை என்றால் மாஸ்க்கை மாற்றலாம். மெசினே ஏலாது என்றால், "அப்ப பல் வைத்தியரிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?" என்று சொல்லுங்கோ.